மூன்றாவது பெடல்

பொன்டியாக் காரை மானுவல் கியருக்கு மாற்றப் போவதாகச் சேயோன் சொன்னபோது தக்சாயினி அடுப்பிலிருந்து பருப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். அக்டோபர் மாதக் கடைசி. எர்லாங்கனில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. வேலையிலிருந்து சைக்கிளில் வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கதைத்தான்.

பழைய ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டி கோடையிலிருந்தே வழுக்கிக்கொண்டிருந்தது. மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் கத்தும், கார் அசையாது. அதைத் திருத்தி எடுப்பதைவிட மானுவலாக மாற்றிவிடலாம் என்பது அவன் யோசனை. கைஸர்ஸ்லவுட்டர்ன் பக்கத்தில் ஒருவரிடம் அதே வருடத்து நாலு கியர்ப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். கிளச் பெடலையும் ஃப்ளைவீலையும் சேர்த்தே தருகிறாராம். அந்த வருடத்தில் தொழிற்சாலையே மானுவலிலும் அந்தக் காரைச் செய்திருப்பதால், பழைய கார்களுக்குக் கொடுக்கும் எச் எழுத்து இலக்கத் தகட்டுக்கும் பிரச்சினை வராது. வாகனப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டான்.

“நீ என்ன சொல்லுறாய், தக்சா?” என்றான் கடைசியில்.

அவனுடைய முகத்தில் அவள் கனகாலம் காணாத வெளிச்சம் ஒன்று இருந்தது. அவள் அவனுடைய அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தாள். ‘உனக்கு’ என்று தொடங்கும் ஒரு வசனம். அவன் குனிந்து பருப்பை மணந்து பார்த்துவிட்டு, நல்ல பசி என்றான்.

“நல்லதுதானே,” என்றாள் தக்சாயினி.

அவர்கள் கல்யாணம் முடித்த இரண்டாம் வருடம், தக்சாயினி சைக்கிளில் ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகும்போது, வலது பக்கம் திரும்பிய பார்சல் வான் ஒன்று அவளை அடித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போனது. எலும்பை வைத்தியர்கள் பொருத்தினார்கள். நரம்பைப் பொருத்த முடியவில்லை. நடக்கலாம், படி ஏறலாம், சப்பாத்துக்குள் ஒரு தகடு வைத்தால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தக் காலால் எதையும் அமத்திப் பிடிக்க ஏலாது. சாரதி அனுமதிப் பத்திரத்திலும் ஓட்டோமற்றிக் மட்டும் என்று ஒரு இலக்கம் போட்டுக் கொடுத்தார்கள்.

பொன்டியாக் அதற்குப் பிறகுதான் வந்தது. எர்லாங்கனில் இருந்த அமெரிக்க இராணுவ முகாம் மூடப்பட்டபோது யாரோ ஒரு சிப்பாய் விட்டுப்போன கார். ஒரு விவசாயியின் கொட்டிலில் வைக்கோல் தூசிக்குள் நின்றது. ஃபயர்பேர்ட் மாடல், கரும்பச்சை நிறம். சேயோன் கதவைத் திறந்து, தரையில் இரண்டே இரண்டு பெடல்கள் இருப்பதைக் கண்டு, அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் மறந்ததில்லை. “ஓடுறதுக்கு ஒரு கால் காணும், தக்சா. இது உனக்கெண்டே நிண்டிருக்கு,” என்றான். அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காரை ஓட, அவன் பக்கத்தில் இருந்து நித்திரை கொண்டான். ஃபோர்க்ஹைம் தாண்டி மலைப்பாதைகளில், பாறைகளுக்கும் செரி மரங்களுக்கும் நடுவே, அந்தப் பெரிய என்ஜினின் உறுமலை அவளுடைய வலது கால் ஒன்றே ஆண்டது. விபத்துக்குப் பிறகு அவள் தன்னை முழு மனுசியாக உணர்ந்தது அந்தச் சாரதி சீற்றில்தான்.

பிறகு அவர்களுடைய ஞாயிறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. அவனுக்கு வேலையில் புதிய பொறுப்பு வந்தது. அவளுக்கு வார இறுதி முறை வேலை வந்தது. சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் யார் பால் வாங்குவது என்று எழுதி ஒட்டி வைக்கிற அளவுக்கு நல்லபடியாகவே இருந்தார்கள்.

அன்றிரவு சாப்பிட்டுக் கோப்பை கழுவும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சொல்வதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவான். மன்னிப்புக் கேட்பான். அதற்குப் பிறகு, சொல்லாமல் விட்டிருந்தால் அவனுக்கு நினைவு வந்திருக்குமா என்பது அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாமலே போய்விடும். கார் முடியும்வரை நாள் இருக்கிறது, வரும் என்று நினைத்தாள். வராமல் எங்கே போகும்.

குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் அதே விவசாயியின் கொட்டிலில் வேலை நடந்தது. கூட நின்றவர் அல்பேர்ட் அண்ணை. குருநகர்க் கத்தோலிக்கர், ஃபூர்ட்டில் காப்புறுதி முகவர். கார் வேலையில் சேயோனைவிடக் குறைவாகத்தான் தெரியும், வாய் மட்டும் ஓயாது. ஓட்டோமற்றிக் பெட்டியை இறக்கிய அன்று அது ஜாக்கிலிருந்து சரிந்து அவருடைய பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தபோது, தனக்குத் தெரிந்த காப்புறுதிகளிலேயே மனைவியின் செபம்தான் மலிவானது என்றார்.

தக்சாயினி பிளாஸ்கில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டு போவாள். ஒரு மர ஸ்ரூலில் இருந்து பார்ப்பாள். தனக்கென்று ஒரு நம்பிக்கையையும் அவள் கட்டி வைத்திருந்தாள். காலுக்குச் சிகிச்சை எடுத்த இடத்தில், கிளச்சைக் கையாலேயே இயக்குகிற நெம்புகோல் பூட்டிய கார்களின் படங்களை அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அன்று பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தவன் சேயோன்தான். இப்போதும் அப்படி ஏதோ ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டுதான் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறான் என்று நினைத்தாள். கடைசி நாளில் ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில் அதைக் காட்டி, கண்ணைச் சிமிட்டுவான். ஜனவரியில் நீளமான பார்சல் ஒன்று வீட்டுக்கு வந்தது. அவன் வேலையில் இருந்தான். அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பாரமாக இருந்தது, ஒரு முனை வளைந்திருந்தது. அன்று பின்னேரம் முழுவதும் அவள் காரணமில்லாமல் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

அவன் வந்து பிரித்தபோது அது கியர்த்தடி. மேலே வெள்ளைக் குமிழ், அதில் நாலு இலக்கங்கள்.

“வடிவா இருக்குதே?” என்றான்.

“ஓம். நல்ல வடிவு.”

கியர்த்தடி வெளியே வருவதற்குத் காரின் தரை நடுவில் மேடாக நிற்கும் முதுகை வெட்டவேண்டும். பெப்ரவரியில் ஒரு நாள் சேயோன் கம்பளத்தை உரித்து, வெள்ளை பென்சிலால் தகரத்தில் வட்டம் போட்டு, அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்தான். இதற்குமேல் பழையபடி ஆக்குவது கஷ்டம் என்று அவனே சொன்னான். ஒருமுறை அவளைப் பார்த்தான். இப்போது வரும் என்று நினைத்தாள்.

“தக்சா, காதைப் பொத்து. சத்தம் கூட வரும்.”

அவள் பொத்திக்கொண்டாள். பொறிகள் பறந்து அணைந்தன.

மார்ச் மாதத்தில் எல்லாம் பூட்டியாயிற்று. கிளச்சின் தடியைச் சரியான நீளத்துக்கு முறுக்கவேண்டியிருந்தது. அதற்கு ஒருவர் கீழே கிடக்க, இன்னொருவர் மேலே இருந்து பெடலை அமத்தி அமத்தி விடவேண்டும். அல்பேர்ட் அண்ணை விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தக்சா, ஒருக்கா ஏறி இரன்,” என்றான் சேயோன் காருக்கு அடியிலிருந்து. அவனுடைய இரண்டு சப்பாத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவள் ஏறி இருந்தாள். எத்தனை ஞாயிறுகள் இருந்த சீற். தரையில் இப்போது மூன்று பெடல்கள்.

“கிளச்சை அமத்து.”

அவள் உடம்பைச் சற்றுத் திருப்பி, வலது காலைக் குறுக்கே கொண்டுபோய், இடது பக்கப் பெடலில் வைத்து அமத்தினாள். பழைய காரின் கிளச், கல்லைத் தள்ளுவதுபோல இருந்தது.

“விடு… அமத்து… காணும், விடு. இன்னொருக்கா.”

அவள் அமத்தினாள், விட்டாள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நிமிர்ந்தபோது, மற்றக் கதவுப் பக்கம் விளக்கோடு குனிந்து நின்ற அல்பேர்ட் அண்ணை அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே கிடந்த வலது கால். சும்மா ஒதுங்கிக் கிடந்த இடது கால். விபத்து நடந்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர். வாயைத் திறந்தார்.

தக்சாயினி தலையை ஆட்டினாள். வேண்டாம்.

“அண்ணை, வெளிச்சத்தை ஆட்டாதேங்கோ,” என்றான் கீழேயிருந்து சேயோன்.

வேலை முடிந்து அவன் கைகழுவப் போனபிறகு அல்பேர்ட் அண்ணை பகிடி ஒன்றும் விடாமல் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“பிள்ளை, நான் அவனோட கதைக்கட்டே?”

“வேண்டாம் அண்ணை. அவருக்கே வரட்டும்.”

“வராட்டில்?”

அவள் றோல்ஸ் கொண்டுவந்த டப்பாவை மூடினாள். மூடி சரியாக இறுகாமல் இரண்டுமுறை திறந்து மூடவேண்டியிருந்தது.

பரிசோதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், சேயோனின் தாய் செல்லம் மாமி ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் வந்தார். பையில் கற்பூரம், தேங்காய், விபூதி, துருக்கிக் கடையில் வாங்கிய நாலு தேசிக்காய். கார் புதிதாக உயிர் பெற்றிருக்கிறது, திருஷ்டி கழிக்காமல் ரோட்டில் இறக்கக்கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. சித்திரை ஞாயிறு ஒன்றில் கொட்டிலின் முற்றத்தில் பொன்டியாக்கை நிறுத்தி, நாலு ரயருக்கும் முன்னால் நாலு தேசிக்காய்களை வைத்தார். பானட்டில் சந்தனம் தடவினார். விவசாயியும் மனைவியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்று பார்த்தார்கள். அல்பேர்ட் அண்ணை தன் நெற்றியையும் நீட்டி, தனக்கும் சேர்த்து வைக்கச் சொன்னார், வேதக்காரன் எண்டாலும் திருஷ்டி ஆள் பார்த்தோ வரும் என்றார். மாமி சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் சேயோன் சாரதிக் கதவைத் திறந்தான். மாமி அவனுடைய கையிலிருந்து கார்த் திறப்பைப் பறித்தார்.

“நீ விலகு. வாங்கின அண்டைக்கும் இவள்தானே தேசிக்காய்க்கு மேலால ஓடினவள். வீட்டு லட்சுமி. இண்டைக்கும் அவளே ஓடட்டும்.”

தக்சாயினி சேயோனைப் பார்த்தாள். கார் ஓடத் தெரியாத, எந்தக் காரில் எத்தனை பெடல் என்று அறியாத மாமிக்கு, இது தக்சாயினி ஓடின கார் என்பது நினைவிருந்தது.

“ஓம், ஓம். தக்சா, ஏறு,” என்றான் சேயோன் சிரித்தபடி. படம் எடுப்பதற்குக் கைத்தொலைபேசியை உயர்த்தினான்.

அவள் ஏறினாள். திறப்பை வாங்கிப் போட்டாள். அல்பேர்ட் அண்ணை வானத்தைப் பார்த்தார். சேயோன் ஜன்னலருகில் வந்து, முதலாம் கியர் எங்கே என்று கையைப் பிடித்துக் காட்டினான். பயப்படாதே, இரண்டு முழம்தானே ஓடவேண்டும் என்றான். பாதம் பெடலில் சரியாக நிற்கவேண்டும் என்று அவள் தன் இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, காலைத் தூக்கிக் கிளச் பெடலின் மேல் வைத்தாள். தொடையால் தள்ளினாள். பாதம் வழுகியது. திரும்பவும் தூக்கி வைத்துத் தள்ளினாள். பெடல் ஒரு விரல் அகலம் இறங்கி, அவளுடைய காலை மேலே எறிந்தது.

“இன்னும் பலமா,” என்றான் அவன், குனிந்து உள்ளே பார்த்தபடி. “இடது காலை நல்லா நீட்டி…”

அதோடு பேச்சு நின்றது.

அவனுடைய கண்கள் பெடலில் இருந்தன. கைத்தொலைபேசி மெதுவாக இறங்கியது. அவனுடைய முகம் வெளிறிப் போவதை அவள் கிட்ட இருந்து பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் அந்த முகத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும்.

“என்ன, ஸ்ராட் வரேல்லையே?” என்றார் மாமி.

“இஞ்சின் இன்னும் சூடாகேல்லை மாமி,” என்றார் அல்பேர்ட் அண்ணை. “கிழட்டு இஞ்சின். உங்களையும் என்னையும் மாதிரி.”

தக்சாயினி காலைக் கையால் தூக்கி எடுத்து இறங்கினாள்.

“நீங்களே ஓடுங்கோ,” என்றாள். “நல்ல நேரம் போகுது.”

அவன் ஓடினான். தேசிக்காய்கள் நசுங்கின. விவசாயியின் மனைவி கைதட்டினாள். தக்சாயினி கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டு ஆடாமல் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக நின்றாள்.

மாமியை ரயில் ஏற்றிவிட்டு வீடு திரும்பியபோது பின்னேர வெயில் பால்கனியில் கிடந்தது. சேயோன் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். அவளுடைய இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுவதை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி.

“நான் உன்னை ஒருநாளும் ஏலாதவள் எண்டு நினைச்சதில்லை, தக்சா. உன்ர காலே எனக்கு நினைவில வாறதில்லை. அதாலதான்…”

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதைக் கேட்டிருந்தால் அவள் பூரித்துப் போயிருப்பாள். நொண்டாமல் நடக்க எத்தனை மாதம் கண்ணாடிக்கு முன்னால் பழகியிருப்பாள். அவனுடைய தலையில் கை வைத்தாள். நரை விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

“காலை மறந்தது பரவாயில்லை,” என்றாள். “நான் கார் ஓடுறனான் எண்டதை மறந்திட்டியள்.”

அவன் நிமிர்ந்தான்.

“ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லேல்லை? அவ்வளவு மாதம். என்னைச் சோதிச்சனியே?”

“ஓம்,” என்றாள் தக்சாயினி. “சோதிச்சனான். ஒவ்வொரு சனியும் வந்து இருந்து, நீங்கள் பாஸ் பண்ணவேணும் எண்டு சாமியைக் கும்பிட்டனான்.”

அவன் திருப்பி மாற்றித் தருவதாகச் சொன்னான். அடுத்த கிழமையே ஓட்டோமற்றிக் பெட்டி ஒன்று தேடுவதாக, தரையை ஒட்டுவதாக, இல்லாவிட்டால் கையால் இயக்கும் நெம்புகோல் ஒன்று பூட்டுவதாகச் சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேண்டாம் என்றாள். கார் நன்றாக ஓடுகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் எதையும் மறக்கவில்லை. படியில் கையைப் பிடித்தான். நடந்துவந்தால் கால் நோகிறதா என்று கேட்டான். கடைக்குப் போகாதே, நான் வாங்குகிறேன் என்றான். விருந்தாளிகள் வந்தால் அவளுக்கு முதலில் கதிரை இழுத்துப் போட்டான். பொன்டியாக்கைக் கொட்டிலில் விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. அவள் வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு முறையும் அவனுடைய கண் அவளுடைய இடது பாதத்தில் விழுந்து, குற்றவாளியைப்போல விலகியது. சில நாட்களில், அவனுக்கு அந்தச் சங்கடம் வேண்டாமென்றே, அவள் அறைக்குள் அதிக நேரம் இருந்தாள்.

வைகாசி முடிவில் அவள் தனியாக ஃபோர்க்ஹைம் போய், சின்ன ஓட்டோமற்றிக் கார் ஒன்றை வாங்கி, தானே ஓடிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். சாம்பல் நிறம், ஏற்கெனவே யாரோ பாவித்த கார், முன் கதவில் ஒரு கீறல். சேயோன் இறங்கி வந்தான். சுற்றிப் பார்த்தான். பானட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தான், ரயர்களைக் காலால் தட்டினான். நல்ல கார், கெட்டிக்காரி என்றான். பல நாட்களுக்குப் பிறகு அவனுடைய குரலில் இயல்பு இருந்தது. அவள் மேலே போய்த் தன் பயணப் பையை எடுத்துக்கொண்டு வந்து பின்சீற்றில் வைத்தாள். அவன் அதைக் கண்டானோ தெரியாது. மற்றப் பக்கக் கதவைத் திறந்து, அவளுக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, பெல்ட்டைப் போட்டான்.

“எங்க போவம்?” என்றான். ஆசையோடு கேட்டான். ஒரு சின்னப் பிள்ளையைப்போல.

அவளுக்கு ஒரு கணம், ஒன்றும் சொல்லாமல் காரை மலைப்பக்கம் விட்டால் என்ன என்று இருந்தது. அவன் பக்கத்தில் நித்திரை கொள்ளட்டும். ஆனால் அவன் நித்திரை கொள்ளமாட்டான். வழி முழுவதும் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டு வருவான்.

“நான் கவிசாவிட்டைப் போறன். மியூனிக்குக்கு.”

கவிசா அவளுடைய தங்கை. சேயோன் தலையாட்டினான். தனக்கும் அவளைப் பார்த்துக் கனநாள் என்றான்.

“நான் மட்டும் போறன், சேயோன்.”

கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். எதிர் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். அவர் கையசைக்க, இரண்டுபேரும் கையசைத்தார்கள்.

“எப்ப வருவாய்?”

“தெரியேல்லை.”

“கால் நோகும், இடையில நிப்பாட்டி…” என்று தொடங்கி, அவனே நிறுத்திக்கொண்டான்.

பெல்ட்டின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் கையை நீட்டி அமத்திவிட்டாள். அவன் இறங்கி, கதவைச் சாத்தினான். அது சரியாகப் பூட்டவில்லை. திரும்பத் திறந்து, கொஞ்சம் பலமாகச் சாத்தினான். அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். தெருவில் யாரும் வரவில்லை. காரை எடுத்தாள்.